கப்பலில் தெற்கு எந்தப் பக்கம்?

மனித இனத்தில் ‘செட் பண்ணுவோர்’ என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டலில் நாம் உட்கார்ந்து தோசை சொல்லி முடிப்பதற்குள் இவர்கள் மேசையை நாலு விரற்கடை தள்ளி, கால் ஆடுகிறது என்று டிஷ்யூ பேப்பரை மடித்து அடியில் கொடுத்து, ஏசிக் காற்று பிடரியில் படுகிறதென்று அடுத்த மேசைக்குப் போய், அங்கே கை கழுவுகிற சத்தம் கேட்கிறதென்று திரும்பி வந்து நிற்பார்கள். நம் தோசை வந்துவிடும். அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் ரூம் சாவி கொடுத்தால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டிலைத் திருப்பிப் போடுவார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ட்ரிப்ஸ் ஸ்டாண்டை இடம் மாற்றச் சொல்லி நர்ஸம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் ஒரே பதில்தான்: “ஒரு தடவை செட் பண்ணிப்போட்டா அப்பறம் நிம்மதிங்க.”

அந்த ‘அப்பறம்’ வந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பிரிவின் முழு வளர்ச்சி அடைந்த உருப்படி ஒன்று என் குடும்பத்திலேயே இருக்கிறது. பெயர் மருதாசலம். என் மனைவியின் அக்கா ராமாமணியைக் கட்டிய வகையில் எனக்குச் சகலை. வயதில் பெரியவர் என்பதால் நான் கூப்பிடுவது அண்ணா. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்து, பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து, மயிரிழை பிசகாது என்று பேரெடுத்தவர். தங்கமான மனுசன். ஒரு டம்ளர் டீயை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து குடித்து முடித்ததில்லை, அவ்வளவுதான் குறை. டீ கைக்கு வந்த பிறகுதான் ஜன்னல் கதவு கிறீச்சிடுவது அவர் காதில் விழும், காலண்டர் சாய்ந்திருப்பது கண்ணில் படும். “கொஞ்சம் இரு அம்மணி” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனால், டீயில் ஆடை படிந்த பிறகு வருவார்.

கல்யாணமாகி முப்பது வருசம் ஆனதற்கு, அவர்கள் மகள் நித்யஸ்ரீ அப்பா அம்மாவைப் பதினான்கு நாள் சொகுசுக் கப்பலில் அனுப்பி வைப்பதென்று முடிவு செய்தாள். சிங்கப்பூரில் ஏறி, தாய்லாந்து, வியட்நாம் எல்லாம் சுற்றிவிட்டு, ஏறின இடத்திலேயே வந்து இறங்க வேண்டியது. துணைக்கு நாங்கள் இரண்டு பேரும். ராமாமணி அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஊரு பாக்கறதெல்லாம் கெடக்குட்டுங்க. பால்கனி வெச்ச ரூமா இருக்கோணும். அதுல உக்காந்து நானும் நீங்களும் சேந்து ஒரு டீ குடிக்கோணும். நான் எந்திரிக்கற வரைக்கும் நீங்க எந்திரிக்கப்படாது.”

“இதென்ன பெரிய விசயம்” என்றார் மருதாசலம். அதைச் சொன்னதே நின்றுகொண்டுதான்.

அறை தேர்ந்தெடுக்கும் படலம் இரண்டு மாதம் நடந்தது. கப்பலின் வரைபடத்தைக் கல்யாண வரவேற்பு போர்டு அளவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டினார். முன்பக்கம் ஆகாது, அலை தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் ஆகாது, இன்ஜின் அதிர்வு கட்டிலில் தெரியும். லிஃப்ட்டுக்குப் பக்கம் ஆகாது, ஆள் நடமாட்டம். லிஃப்ட்டுக்குத் தூரம் ஆகாது, முழங்கால் வலி. தலைக்கு மேல் டான்ஸ் ஹால் வரக் கூடாது, காலுக்குக் கீழ் சமையற்கட்டு வரக் கூடாது. உயிர்காக்கும் படகு பால்கனியை மறைக்கக் கூடாது, ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கவும் வேண்டும். காந்திபுரத்தில் ட்ராவல்ஸ் வைத்திருக்கிற ரிஃபத் பொறுமைசாலி. அவரே ஒருநாள் உடைந்துபோனார். “சார், இந்தக் கப்பல்ல ஆயிரத்தி எரநூறு ரூம் இருக்குதுங்க. அதுல ஒண்ணுகூடவா உங்களுக்கு ஆகாது?”

ஒன்று ஆனது. எட்டாவது மாடி, நடுவாந்தரம். எல்லாப் பொருத்தமும் இருந்தது. கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் கேட்டு அண்ணன் போன் போட்டார்.

“கட்டல்ல தலைமாடு எந்தப் பக்கமுங்க?”

“தெக்குங்க சார்” என்று சொல்லிப்போட்டார் ரிஃபத். பாவம், அவருக்கும் குடும்பம் குட்டி இருக்கிறது.

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று நமக்கெல்லாம் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். நாம் வெளியூர் லாட்ஜில் அதை லேசாக மறந்துவிடுவோம். மருதாசலம் மறக்க மாட்டார். தெற்கே தலை என்று உறுதியானதும் அவருக்கு உயிர் வந்தது. ஓடுகிற ஒரு பொருளுக்குத் தெற்குத் திசை எப்படி ஒரே பக்கமாக நிற்கும் என்று, நூலளவு கோணலைக் கண்ணாலேயே பிடிக்கிற அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அது வேறு கதை.

கப்பலில் எங்கள் மாடிக்கு அறைப் பணியாளர் ஜெரோம். நாற்பத்தைந்து வயது, சோமனூர்க்காரர், பன்னிரண்டு வருசமாகக் கடலில் இருக்கிறார். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்க வாங்க, எந்தூருங்க?” என்றார். அந்த மலர்ச்சி ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் அண்ணன் பெட்டியைத் திறந்துவிட்டார்.

முதலில் போனில் திசைகாட்டியைப் போட்டுப் பார்த்தார். தலைமாடு சுத்தமாகத் தெற்கு. “பாத்தியா அம்மணி, ரிஃபத்து சொன்னா சொன்னதுதான்.” அப்புறம் ஆரம்பித்தது. கப்பல் சுவரெல்லாம் இரும்பு, ஆணி இறங்காது, காந்தக் கொக்கிதான் ஒட்டும் என்று யூடியூபில் பார்த்து வைத்திருந்தவர், இருபத்து நாலு கொக்கிகளை எடுத்துத் துண்டுக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, மாத்திரைப் பைக்கு ஒன்று, இன்னும் எதற்கென்று தெரியாமல் கட்டில் தலைமாட்டுக்கு மேல் வரிசையாக ஏழு என்று ஒட்டினார். பால்கனிக் கதவின் கீலுக்குக் காங்கேயம் தேங்காய் எண்ணெய் விட்டார். அப்புறம் எடுத்தார் பாருங்கள், ரசமட்டம். பட்டறையில் மிஷின் சமமாக நிற்கிறதா என்று பார்க்கிற அதே ரசமட்டம். பால்கனியில் இருந்த டீப்பாய் மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி இடப்பக்கம் போனது. ஒரு காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தார். வலப்பக்கம் போனது. எதிர்ப்பக்கக் காலுக்கும் கொடுத்தார். கடைசியில் நாலு காலுக்கும் அட்டை கொடுத்து, டீப்பாய் ஒரு அங்குலம் உயர்ந்ததுதான் மிச்சம்.

“கப்பலு ஆடுதுங்க சார்” என்றார் ஜெரோம் மெதுவாக.

“ஆடுனா என்னங்க, நாம செட் பண்றத சரியாப் பண்ணிப்போடோணுமில்லீங்க.”

அக்கா இரண்டு டீ வரவழைத்து, பால்கனியில் உட்கார்ந்து கூப்பிட்டார். “ஏனுங்க, கப்பல் கெளம்புது, வாங்க.” “இதொ வாரேன், இந்த ஒரு கொக்கி” என்று உள்ளிருந்து பதில் வந்தது. துறைமுகம் நகர்ந்தது, கட்டடங்கள் சின்னதாயின, கடைசி விளக்குக் கம்பமும் போனது. இரண்டு டீயையும் அக்காவே குடித்தார், ஒன்று சூடாக, ஒன்று ஆறி.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சத்தம். அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு வெளிறி நின்றார். தலைமாடு வடக்கு என்று காட்டுகிறது. ஜெரோமைக் கூப்பிட்டுக் கட்டிலைத் திருப்ப வேண்டும் என்றார்.

“கட்டலு தரையோட போல்ட்டுங்க சார்.”

“ஸ்பேனர் இருக்குதுங்களா?”

அது கிடைக்காததால் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினார். அப்புறம் இடப்பக்கம். அப்புறம் குறுக்கே. மத்தியானத் தூக்கத்தில்கூட மணிக்கொரு தடவை எழுந்து போனைப் பார்ப்பார், திசை மாறியிருக்கும், “அம்மணி, கொஞ்சம் திரும்பிப் படு” என்பார். பக்கத்து அறையில் எங்களுக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். தாய்லாந்து வந்தது, போனது. கீழே இறங்கின ஊரிலும் அவர் திசைக்கொன்றாகப் போட நாலு தலையணைதான் தேடினார். ஐந்தாம் நாள் சாயங்காலம் அக்கா எங்கள் அறைக்கு வந்து என் மனைவியின் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“கண்ணு, நான் இங்கயே படுத்துக்கறேன். அவரு எந்தத் திக்குல வேணா படுக்கட்டும். ஒரு டீ குடிக்கலாம்னுதான் வந்தேன். ஊட்லயே இருந்திருந்தா இந்த ஆசையே வந்திருக்காது.” சொல்லும்போதே அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று அடுத்த அறைக்குப் போனேன். ஜெரோம் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் போனோடு கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெரோம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அஞ்சு நாளா சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். இந்தக் கொக்கியெல்லாம் காந்தமுங்களே. உங்க போனு இதையில்லீங்க காட்டும்?”

ஜெரோம் துண்டு மாட்டியிருந்த கொக்கியைப் பிடுங்கி, போனுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனார். தெற்கு அவர் பின்னாலேயே போனது. இந்தப் பக்கம் கொண்டு வந்தார். இந்தப் பக்கம் வந்தது. கப்பல் ஒரு பக்கம் திரும்பினால் கொக்கி ஒரு பக்கம் இழுக்க, ஐந்து நாளாக மருதாசலம் அண்ணன் தலை வைத்துப் படுத்தது தன்னுடைய ஈரத் துண்டு இருந்த திசையில்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். செட் பண்ணுவோர் அப்படியா? “அப்ப மொதல்லருந்து பண்ணோணும்” என்று வேட்டியை மடித்துக் கட்டினார். இருபத்து நாலு கொக்கியையும் குனிந்தும் நிமிர்ந்தும் பிடுங்கி, சூரியனைப் பார்க்கப் பால்கனிக்கு ஓடி, அதே கோணத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவர உள்ளே ஓடி, கையை நீட்டியபடி ஒரு சுற்று, சந்தேகம் தீர இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் சுவரைப் பிடித்தார். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவர் தானாக உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எல்லாஞ் சுத்துது மாப்ள” என்றார்.

கப்பல் டாக்டரம்மா வந்து பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, இங்கிலீஷில் நாலு வாக்கியம் சொன்னார். ஜெரோம் அதைத் தமிழில் சொன்னார். “பயப்பட ஒண்ணுமில்லைங்க. பால்கனில உக்காந்து, வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாத்துட்டு இருக்கோணுமாம். தலையத் திருப்பப்படாது. எந்திரிக்கப்படாது.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மா எந்திரிக்கச் சொல்ற வரைக்கும்” என்று சேர்த்துக்கொண்டார். டாக்டரம்மா அதைச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உட்கார வைத்தோம். ஒரு அங்குலம் உயர்ந்த டீப்பாயில் ஜெரோம் இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். நாங்கள் எங்கள் பால்கனியில், தடுப்புக்கு இந்தப் பக்கம், மூச்சுவிடாமல் நின்றோம். வெட்கமில்லாமல் ஒட்டுக் கேட்டோம்.

“டீப்பாய் லேசா சாஞ்சிருக்குதோ…”

“டாக்டரு என்ன சொன்னாங்க?”

டீப்பாய்க்கு நீட்டின கையை அவர் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். டம்ளர் எடுக்கிற சத்தம். ஒரு வாய் உறிஞ்சுகிற சத்தம்.

“ஏம்மணி.”

“ம்.”

“டீ சூடா இருக்குதே.”

“முப்பது வருசமா சூடாத்தானுங்க குடுத்துட்டிருக்கறேன்.”

இன்னொரு வாய் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா எழுந்திருக்கிற வரைக்கும் அவர் எழவில்லை; அக்கா வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான், சூரியன் கொஞ்சம் இடப்பக்கமாக இறங்கியிருந்தால் இந்தக் கம்பி மறைக்காமல் இருந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னார். சூரியனை யாரும் போல்ட் போட்டு வைக்காததால் அதோடு விட்டுவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் வேண்டியது அதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்க உட்கார்ந்தபோது ஃபேன் எத்தனையில் இருந்தது? இப்போது எத்தனையில் ஓடுகிறது? முதுகுக்குத் தலையணை எத்தனை தடவை மாறியது? ஜன்னல் கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்தீர்கள்தானே? நடுவில் யாரோ வந்து உங்கள் பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்துவிட்டு, எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்களே, அதைக் கவனித்தீர்களா? கையை நீட்டித் தொட்டுப் பாருங்கள், இன்னும் சூடு இருக்கிறதா என்று.