இரவல் மூக்கு

பலெர்மோ நகரத்தில் அடுத்தவர் மூக்கை இரவல் வாங்கிக் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் மணக்குதோ அண்ணைதான். பெற்றோர் வைத்த பெயர் வதிவிட அனுமதியான பெர்மெசோ அட்டையில் இருந்தது. பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தரந்தான் எழும்புவார்.

வன்னியில் கடைசிச் சண்டையில் பக்கத்தில் விழுந்து வெடித்த செல், அவரின் உயிரை விட்டுவைத்து, மணம் பிடிக்கும் சக்தியை மட்டும் கொண்டுபோய்விட்டது. "மலிவாத் தப்பினன்" என்பார், சிரிக்காமல்.

வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். இரவில் ஒரேத்தோத் தெருவில் எங்கள் அறையில் நாலாவது ஆளாகப் படுத்தார். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆறு வருடமாக ஒரே ஊரில் இருந்தும் இருவரும் ஒரு கூரைக்குக் கீழே சமைத்துச் சாப்பிட்டதில்லை. பூசை முடிந்ததும் பூங்கா வாங்கிலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். மழை வந்தால் பஸ் தரிப்பிடத்துக்கு மாறுவார்கள்.

அதற்காகத்தான் அண்ணை ஒரு பழைய காம்பர் வாங்கினார். கட்டில், அடுப்பு, கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வாகனம். ஒரு மெக்கானிக் தன் கராஜின் பின்வளவில் அதை நிறுத்த இடம் கொடுத்தார். எஞ்சின் செத்திருந்தது.

"ஓடாதே அண்ணை" என்றேன்.

"ஓடுறதுக்கோ வாங்கினனான்? ஓடினது காணும். இருக்கிறதுக்கு வாங்கினனான்."

முதலில் கரண்ட் வேலை. யூரியூப்தான் குரு. தண்ணீர்ப் பம்பைப் போட்டால் சிக்னல் லைற் மினுங்கியது. சமையல் லைற்றை நூர்த்தால் ஹோர்ன் அடித்தது. அண்ணை மனம் தளராமல் ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்ரர் சுற்றித் தமிழில் எழுதினார். பம்ப், லைற், தொடாதே, தெரியாது. 'தெரியாது' மட்டும் ஏழு இருந்தன. உதவிக்கு வந்த, தமிழ் தெரியாத மெக்கானிக், அதிகமாக எழுதப்பட்ட சொல் முக்கியமான சொல்லாகத்தான் இருக்கும் என்று எண்ணி, அந்த ஏழையும் தொடாமல் மரியாதையாக விலகிப்போனார். பிறகு நானும் அண்ணையும் ஒரு சின்னப் பல்பை வைத்துக்கொண்டு வயர் வயராகத் தேடினோம். ஒருநாள் லைற் சுவிச்சைப் போட லைற்றே எரிந்தது. இரண்டு பேரும் கைதட்டினோம்.

அடுத்தது பொம்போலா. காஸ் சிலிண்டரை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதில் அண்ணை விளையாடவில்லை. பழைய ரியூப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தார். வரவில்லை. நுரையை அவர் நம்பவுமில்லை. வளவில் கால் வைத்தவர் எல்லாரையும் கூப்பிட்டு, தலையை உள்ளே விடச் சொல்லி, "மணக்குதோ?" என்று கேட்டார். பெயர் வந்தது அப்படித்தான். நாளுக்கு இரண்டு தரம் போய் எனக்கே சலித்துவிட்டது.

"அண்ணை, நேற்றும் பாத்தனான்தானே."

"நேற்று நான் மட்டுந்தான் தம்பி. ஞாயிறு அவ வந்து சமைக்கப் போறா. எவ்வளவைத் தாண்டி வந்தவ. என்ரை கையாலை ஒண்டு நடக்கக்கூடாது."

அதற்குப் பிறகு நான் சலித்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. அக்கா உள்ளே வறுத்த தூள் போட்டு மீன்கறி வைத்தார். நான் வாசலில் வாயூறிக்கொண்டு இருந்தேன். அண்ணை வெளியே பொம்போலாப் பெட்டிக்குள் தலையை விட்டபடி கேட்டார்.

"தம்பி, மணக்குதோ?"

என் புத்தி சட்டிக்குள் கிடந்தது. "ஓம் அண்ணை, நல்லா மணக்குது."

பொம்போலாவைப் பூட்டிய சத்தம் கேட்டது. அடுத்த கணம் என்னை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தவர், அகப்பையும் கையுமாக நின்ற அக்காவை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். "காஸ், காஸ்" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் எல்லாம் வீட்டுச் செருப்போடு இறங்கிவந்தார்கள். நான் மட்டும் காம்பருக்குள் சட்டிக்குக் காவலாக நின்றேன்.

வெளியே போய் உண்மையைச் சொன்னேன்.

"மீன்கறியோ மணத்தது?"

"ஓம் அண்ணை."

"காஸ் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

அண்ணை நடைபாதையில் குந்திவிட்டார். அக்கா அகப்பையால் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையை உள்ளுக்கை விட்டிட்டு வந்திட்டியளே" என்றார். அண்ணை என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் நினைவு வந்தது அவருக்கு. எனக்குக் கோபம் வரவில்லை. ஓர் ஆளுக்குத்தான் இடமிருந்த நெஞ்சில் நான் எங்கே போய் நிற்பது.

மெக்கானிக் சொல்லி மறுநாளே காஸ் கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்று பூட்டினார்கள். என் மூக்குக்கு வேலை போனது. நானும் இத்தாலியின் வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

ஆனாலும் ஞாயிறு மத்தியானம் வீடியோக் கோல் வரும். முகம் தெரியாது. ஆவி பறக்கிற சட்டிதான் தெரியும். பின்னால் அண்ணையின் குரல்.

"தம்பி, அவ காய்ச்சினது. எனக்குத் தெரியாதெல்லே, நீ சொல்லு. மணக்குதோ?"

போனை முகத்துக்குக் கிட்டப் பிடிப்பேன்.

"ஓம் அண்ணை, நல்லா மணக்குது."