அயோடினுக்கு ஐந்து நாள்

மனித உடம்பில் கதிரியக்கப் பொருள் எத்தனை நாள் தங்கும் என்று விஞ்ஞானிகள் பெரிய பெரிய கருவிகளை வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். பாவம், குன்னூருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட் ஆபீசின் முகவரி அவர்களுக்குத் தெரியாது. அங்கே டீ ஆறுவதற்குள் விடை கண்டுபிடித்துவிட்டார்கள்.

கிளார்க் எல்சாவுக்குத் தைராய்டு. கோயமுத்தூரில் கதிரியக்க அயோடின் கொடுத்த டாக்டர், ‘பதினான்கு நாள் கர்ப்பிணிகள் பக்கத்தில் இருக்கக்கூடாது’ என்று எழுதியனுப்பியிருந்தார். ஆபீசில் அடுத்த நாற்காலி ஷண்முகப்ரியாவுக்கோ ஏழு மாதம். ஆகவே எல்சா வெளியிலேயே நின்று, டாக்டர் கடிதத்தையும் லீவு விண்ணப்பத்தையும் மேனேஜர் அறை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

மேனேஜர் மருதாசலம் இரண்டையும் குடைக்கம்பியால் இழுத்துக்கொண்டார்.

“டாக்டர் பதினாலுன்னு எழுதிட்டா ஆச்சாம்மா? ஆதாரம் வேணுமல்ல?”

“அந்தக் கடுதாசிதானுங்க சார் ஆதாரம்.”

“அது கருத்து. தரணி, பீரோவுல என்ன இருக்குது பாருங்க.”

ஃபீல்டு ஆபீசர் தரணிதரன் பீரோவைக் குடைந்து ஓர் அட்டவணையோடு நிமிர்ந்தார். பூச்சிமருந்து அடித்த செடியில் எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம் என்பதற்கான அட்டவணை.

“அயோடின் இல்லீங்க சார். ஆனா இதுல எல்லாத்துக்கும் ஏழு நாளுங்க.”

“எலையும் ஒரு ஒடம்புதானே? ஏழு.”

“மழை பேஞ்சா கொஞ்சம் கழுவிட்டுப் போயிருமுங்க.”

மருதாசலம் வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. “மழைக்கு ரெண்டு நாள் கழிவு. அஞ்சு.”

“ஏனுங்க சார், நான் செடி இல்லீங்களே!” என்றாள் எல்சா, நனைந்துகொண்டே.

“பேரம் பேசாதம்மா. இது விஞ்ஞானம்.”

எல்சாவின் அப்பா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்காரர். விலை படியாவிட்டால், வாங்க வந்தவன் காலடியிலேயே மூட்டையை இறக்கிவிடுகிற ஆள். மகளுக்கும் அந்தக் கை உண்டு.

“சரிங்க சார், அஞ்சே போதும். ஆறாம் நாள் ப்ரியா பக்கத்துல உக்காரலீங்க. உங்க ரூம்லயே, உங்களுக்கு எதிர்லயே கம்ப்யூட்டரைப் போட்டுக்கறேன். அதான் சுத்தமாயிருமுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே!”

மேனேஜர் அன்று மாலையே லீவு உத்தரவில் கையெழுத்திட்டார். தமக்குத்தான். பதினான்கு நாள். ‘ஆதாரம்’ என்ற இடத்தில், கோயமுத்தூர் டாக்டரின் கடிதம்.

மறுநாள் எல்சா அந்த உத்தரவின் நகலையே தன் விண்ணப்பத்தோடு இணைத்து ஜன்னலில் நீட்டினாள். பொறுப்பில் இருந்த தரணிதரன் படித்துப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு பதினான்கு நாளும் எழுதிக் கொடுத்தார்.

விஞ்ஞானிகள் இனிக் கருவிகளை மூட்டை கட்டலாம். ஆதாரபூர்வமான அளவு இதுதான்: கதிரியக்க அயோடின், கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து நாள் தங்கும், மேனேஜருக்கு எதிரில் உட்கார்ந்தால் பதினான்கு.