மணவாளனார் கைப்பேசிக்குக் காப்புக் கட்டிய வாரம்

வாழ்க மணவாளன்! சங்கராபரணி ஆற்றின் ஈரக்காற்றை உண்டு வளர்ந்த, உறுவையாறு என்னும் ஊரின் குலக்கொழுந்து, இரண்டு காணிக் கரும்புக்குத் தனியதிபதி, வெண்சுண்ணக்கட்டி ஏந்திய செங்கையன், வில்லியனூர் கொம்யூனின் அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்குச் சமூக அறிவியல் உரைக்கும் தானைத்தலைவன், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் முகலாயரும் மூக்குக்கு இறக்கினால் மராட்டியரும் நடுங்கும்படி வரலாறு பேசும் வாய்வீரன், அவன் புகழ் பாடப் புகுந்தோம். யானைமுகத்தானே காக்க, வெண்டாமரையாளே காக்க, நெட்வொர்க் குறையாத நெடுங்கோபுரங்களே நீங்களும் காக்க. வீரனுக்கு வயது நாற்பத்து நான்கு; சர்க்கரை கொஞ்சம் உண்டு.

அம்மாவீரன் மார்பில் ஆறாத புண் ஒன்று இருந்தது. ஏழாம் வகுப்பு தொட்டு மூன்று ஆண்டுகளாக அவன் பாடம் நடத்தியது முகங்களுக்கு அல்ல, உச்சந்தலைகளுக்கு. டெஸ்க்குக்குக் கீழே, மடியாகிய குகையில், நீல ஒளி சிந்தும் மாயக் கண்ணாடிகளை ஏந்தி, தவமுனிவரும் வெட்கும்படி குனிந்த தலை நிமிராது வீற்றிருந்தனர் முப்பத்தொரு மாணாக்கர். அவர்களுடைய முகம் அவனுக்குத் தெரியாது, வகிடு தெரியும். நேர்வகிடென்றால் புகழ்வேந்தன், கோணல்வகிடென்றால் கில்பர்ட், எண்ணெய் மின்னும் இரட்டைப் பின்னலென்றால் வகுப்புத் தலைவி வெண்ணிலா. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கணம், முப்பத்தொரு முகமும் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து தன்னைப் பார்த்துவிட்டால் அது போதும் என்று அவன் ஏங்கினான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், பள்ளி நேரத்தில் மாணவர் போன் தொடலாகாது என்னும் தீர்மானத்தைத் தலைமையாசிரியை அன்னாமேரி வாசித்தபோது, முதல் கைதட்டு மணவாளனுடையது. அக்கைதட்டின் ஓசை அடங்குமுன் எழுந்தாள், மாணவர் சார்பில் வந்திருந்த வெண்ணிலா. நெல் மணியை நகத்தால் கீறிப் பார்த்தே ஈரம் சொல்லும் குடியானவர் வீட்டுப் பெண், யாருக்கும் அஞ்சாதவள். அவள் முழங்கினாள்:

“சார் பாக்கெட்ல போன் இருக்கற வரிக்கும் எங்க பையிலயும் இருக்கும். வாட்ஸப்ல குட்மார்னிங் அனுப்பறதே அவருதான். அவரு மட்டும் இன்னா ஸ்பெஷலா?”

சபை திடுக்கிட்டது. தேன்கூட்டில் கல் விழுந்தாற்போல் தாய்மார் பகுதி இரைந்தது. மணவாளனின் வலக்கை தன்னையறியாமல் சட்டைப் பையை மூடிக்கொண்டது. அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அப்போது எழுந்தார் நடேசன்: கழகத்தின் தலைவர், அம்மன் கோயில் விழாக்குழுவின் நிரந்தரச் செயலாளர், எந்தச் சிக்கலையும் மஞ்சள் நூலால் கட்டி முடித்துவிடும் நுண்ணறிவாளர். “காப்பு கட்டிடுவம்பா!” என்று கர்ஜித்தார். “கட்னா ஊர் எல்லையவே தாண்ட மாட்டோம், இந்த டப்பா எம்மாத்திரம்? போன வருசத் திருவிழா நூலு ஒரு கண்டு மீதி கெடக்குது.” பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடும் கிறிஸ்டினா தாய்மார் பகுதியிலிருந்து தன் பங்குக்கு எழுந்து, “தவக்காலத்துல நாங்க நாப்பது நாளு கறியே தொடறது இல்ல. சாரால அஞ்சு நாளு முடியாதா?” என்று எண்ணெய் ஊற்றினாள். இரு சமயமும் கைகோத்து எதிரே நிற்கையில் மானமுள்ளவன் என்ன செய்வான்? ஒப்புக்கொண்டான்.

உடன்படிக்கை இது. திங்கள் முதல் வெள்ளிவரை, காலை ஒன்பதுக்குப் பள்ளி வாசலில் மணவாளனின் போனுக்கு வெண்ணிலா காப்புக் கட்டுவாள்; நெடுக்கும் குறுக்குமாக மஞ்சள் நூல், மேலே மூன்று முடிச்சு. மாலை நாலு மணி அடித்தால் அவிழ்ப்பாள். இடைப்பட்ட காலத்தில் அவன் அதை அழுத்தவும் ஆகாது, படிக்கவும் ஆகாது. வகுப்பில் அது மேசைமேல் ஊரறியக் கிடக்கும்; அவன் வெளியே போனால் நூலோடு உடன் போகும். ஐந்து நாளும் நூல் நிலைத்தால், வகுப்பு முழுதும் முணுமுணுப்பின்றிப் போனை வீட்டில் வைத்துவிட்டு வரும். அறுந்தால், இனி ஒன்பது ஆ பிரிவின் காது கேட்க போன் என்ற சொல்லையே அவன் எடுக்கக்கூடாது.

திங்கட்கிழமை தொடங்கியது பெரும்போர். முதற்பாடவேளையிலேயே பகைவர் கணை மழை பொழிந்தனர். டெஸ்க்குக்குக் கீழிருந்தபடியே வகுப்புக் குழுவில் நாற்பத்தேழு செய்திகளை ஏவினர். மேசைமேல் கிடந்த கருவி டிங் டிங்கென்று துள்ளி, அதிர்ந்து, ஊர்ந்து, விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தது. பிடித்தால் விரல் அழுத்திவிடும் என்று மணவாளன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். விழுந்தால் ஸ்கிரீன் போகும் என்று தெரிந்தும், தன் முழங்கால் ஒன்றையே அணையாய் முட்டுக்கொடுத்து நின்று, ஒற்றைக்காலில் காலநிலை மண்டலங்களை விளக்கினான். அந்த வேடிக்கையைக் காண ஐந்தாறு தலைகள் மடியிலிருந்து நிமிர்ந்தன. பார்த்தவன் உள்ளம் குளிர்ந்து முழங்காலை மாற்றிக்கொண்டான்.

செவ்வாய் கடந்தது. புதனன்று கில்பர்ட், நடக்காத கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஸ்கோர் சொல்லி மாய யுத்தம் புரிந்தான். வீரன் உதட்டைக் கடித்துத் தாங்கினான். வியாழனன்று வந்தது பிரம்மாஸ்திரம். மனையாட்டி ஜெயாவின் பெயர் மஞ்சள் நூலுக்குக் கீழே மூன்று முறை மின்னி மூன்று முறை மங்கியது. கட்டிய தாலியா, கட்டிய காப்பா என்று தர்மசங்கடத்தில் தவித்த தலைவன், காப்பே என்று துணிந்தான். “இன்னா, போன எடுக்க மாட்டீங்களோ? சிலிண்டர்காரன் உங்க போனுக்கு வந்த ஓடிபி கேட்டான், இல்லன்னதும் திரும்பப் போயிட்டான்” என்றாள் மாலையில் ஜெயா. அன்று அந்த வீட்டில் ராச்சாப்பாடு பொரிகடலையும் வாழைப்பழமும்தான்.

விடிந்தது வெள்ளி. நான்கு நாள் வென்ற செருக்கில் நெஞ்சு அரை அடி முன்னே செல்ல, டிவிஎஸ் என்னும் இருசக்கரப் புரவிமேல் வந்திறங்கிய மணவாளன், வாசலில் நின்று, வாரம் ஒருமுறை தண்ணீர் பாய்ச்சும் தன் கரும்புக்கொல்லை மோட்டாருக்குப் போனில் ஒரு கால் கொடுத்தான். நாலு கிலோமீட்டர் அப்பால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் குடியிருக்கும் சிம் அதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும். இன்னொரு கால் கொடுத்தால் நிறுத்தும். அங்கே எது நடந்தாலும் செய்தியும் அனுப்பும். பிறகு போனை வெண்ணிலாவிடம் வாளை ஒப்படைக்கும் மன்னனைப் போல் நீட்டினான். மூன்று முடிச்சும் விழுந்தன. நிறுத்துவதற்கும் அதே போன்தான் வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் பாடவேளை. பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் நின்றது. பதினாறாம் லூயி தலையைக் கொடுத்துக் காத்திருக்க, கில்லட்டின் கத்தி பாதி வழி இறங்கியிருக்க, மணி பன்னிரண்டு பத்துக்கு மேசைமேல் ஒளி படர்ந்தது. நூற்கட்டங்களின் சாளரத்தில் ஒரு சொல் தெரிந்தது: மோட்டார். அதற்கு மேலும் ஏதோ எழுதியிருந்தது. ஆனால் படித்தால் விரதபங்கம் என்று சிலிர்த்த சீலன், இரு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

மூடிய கண்ணுக்குள் கண்டான் பிரளயம்! மூன்று மணி நேரத்துக்கும் மேலாய் ஓடும் மோட்டார், கொல்லை நிரம்பி வரப்பின் உதட்டைத் தொட்டுத் தளும்பும் நீர், வரப்புக்கு அந்தப் பக்கம் அண்டைக் கொல்லைக்காரர் ஆதிமூலத்தின் நெல், பொன்னாய் முற்றிக் கதிர் சாய்ந்து, நாளைக் காலை அறுப்பு மிஷினுக்காகக் காத்து நிற்கும் நெல். ஒரு மணியானால் தண்ணீர் வரப்பைத் தாண்டும். மிஷின் சேற்றில் இறங்காது. இன்னொரு நாள் கேட்டால் பத்து நாள் கழித்து வரும். அதற்குள் கதிர் படுத்து முளைவிடும். தன் வீம்புக்கு அண்டை வீட்டான் சோறு பலியாவதா? மணவாளன் லூயியை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னா சார் ஆச்சு?” என்றது வகுப்பு. சொன்னான். வெண்ணிலாவின் முகம் மாறியது. முற்றிய நெல்லில் தண்ணீர் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகைவர் படைத்தலைவி கத்தரிக்கோலோடு முன்வந்து, ஐந்து நாளாய்க் காத்திருந்த வெற்றியைத் தன் கையாலேயே தள்ளிவிட்டாள்: “வெட்டிடுறேன் சார். இது கணக்குல வராது. நெல்லு பாவம்.”

ஆ, இதுவன்றோ கொடிய கணை! நாற்பத்தேழு டிங்குக்கு அசையாத நெஞ்சு இக்கருணைக்கு ஆடியது. கை நூல்வரை போயிற்று. ஆயினும் இன்று மோட்டாருக்கு அவிழ்த்தால் நாளை சிலிண்டருக்கு அவிழும், மறுநாள் குட்மார்னிங்குக்கே அவிழும் என்று தன்னைத் தானறிந்த ஞானி அவன். “கட்டுனது கட்டுனதாவே இருக்கட்டும்மா” என்று அறிவித்தான்.

“அப்ப என் போன்ல அடிங்க சார்” என்று கோணல்வகிட்டுக் கில்பர்ட் தன் உயிரினும் இனியதை நீட்டினான். பிறர் போனைத் தொடலாகாதென்று காப்பில் இல்லை. வகுப்பே மூச்சுவிட்டது. மணவாளன் வாங்கினான், விரலை ஓங்கினான், ஓங்கிய விரல் ஓங்கியபடியே நின்றது. பானிப்பட்டுப் போர் மூன்றுக்கும் ஆண்டு சொல்லும் அவன் மூளையில், மோட்டார் நம்பர் இல்லை. ஆதிமூலத்தின் நம்பர் இல்லை. ஜெயாவின் நம்பரே ஏழு இலக்கத்துக்கு மேல் வரவில்லை. இருந்தது ஒன்றே ஒன்று, அவனுடைய நம்பர். கால் போட்டால் மேசைமேல் அடிக்கும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாய்ந்தான் பரிமேல். அன்னாமேரியிடம் ஒரு சொல், சட்டைப் பையில் காப்புக் கட்டிய போன், தலையில் பின்னுக்குத் தள்ளிய ஹெல்மெட். மாசி வெயில் மண்டையைப் பிளக்க, வாகனம் தும்மி இருமிப் புகை கக்க, கரும்பு டிராக்டர்களை இடமும் வலமும் ஒதுக்கிப் பறந்தவன் முன்னே, காலனின் கரம்போல் மெல்லக் கவிழ்ந்து மூடிற்று ரயில்வே கேட். பஸ் நின்றது, லாரி நின்றது, வாழைத்தார் ஏற்றிய சைக்கிள் நின்றது. ரயிலைக் காணோம். “வருமா வராதா?” என்று விண்ணதிரக் கேட்டான் வீரன். “வரப்ப வரும்” என்றார் வாழைத்தார்க்காரர். ஒன்பது நிமிடம் கழித்து, நாலே பெட்டியோடு, நடைப்பயிற்சி போவதுபோல் ஒரு ரயில் போயிற்று.

கேட் திறந்தது. உறுவையாற்று மண்பாதையில் புழுதிப்படலம் எழுந்தது. கொல்லைமேட்டில் வண்டியைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கையிலெடுத்து, வரப்போடு ஓடிய மணவாளன், வாய்க்கால் முனையில் வழுக்கி இடுப்புவரை சேற்றில் இறங்கினான். இறங்கியபோதும் பையிலிருந்த போனை ஒரு கையால் வானுக்கு உயர்த்திப் பிடித்தான். தவழ்ந்து கரையேறி மோட்டார் கொட்டகையை அடைந்தான். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆதிமூலம் அவனை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் சொன்னதை வீரன் வாயாலேயே கேட்பதுதான் முறை.

ஒன்றேகாலுக்குத் தொடங்க வேண்டிய ஐந்தாம் பாடவேளைக்கு, ஒன்று முப்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தான் மணவாளன். ஒரு காலில் மட்டும் செருப்பு. இடுப்புவரை உறுவையாற்றுச் சேறு. வலக்கையில் உயர்த்திப் பிடித்த கைப்பேசி. அதன்மேல் நிறம் மங்கினும் முடிச்சு மூன்றும் குலையாத மஞ்சள் நூல். வாசற்படியில் நின்று ஏறிட்டான். ஏறிட்டவன் அப்படியே நின்றான்.

முப்பத்தொரு முகம்! ஒரு மடியிலும் ஒளி இல்லை. புகழ்வேந்தனுக்குக் கண்ணுக்குக் கீழே மச்சம் இருந்தது. கில்பர்ட்டுக்கு மீசை அரும்பியிருந்தது. இளவரசி கண்ணாடி போட்டிருந்தாள், எப்போதிலிருந்தோ. எல்லாக் கண்ணும் அகல விரிந்து அவனையே, அவன் ஒருவனையே பார்த்தன. மூன்று ஆண்டுத் தாகம் ஒரே மிடறில் தீர்ந்தது அம்மாவீரனுக்கு. மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்தது. அழுதுவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

எழுந்தாள் வெண்ணிலா. படைமுழுதும் உடன் எழுந்தது. “நாலு மணி வரிக்கும்லாம் வேணாம் சார். நாங்க தோத்துட்டோம். திங்கட்கெழமலேர்ந்து யாரும் போன் எடுத்துனு வர மாட்டோம்” என்று சரண் அறிவித்தவள், அடுத்த மூச்சிலேயே கேட்டாள்: “மோட்டார நிறுத்திட்டீங்களா சார்?”

காற்று நின்றது. கரும்பலகை காது கொடுத்தது. கத்திக்குக் கீழே காத்திருந்த பதினாறாம் லூயியும் கழுத்தைத் திருப்பினார். பிரளயத்தை ஒற்றைக் கையால் தடுத்த பெருங்கதையை, பொன்விளைந்த நெல் பிழைத்த புகழ்க்கதையைக் கேட்க முப்பத்தொரு முகமும் ஒருசேர முன்னே சாய்ந்த அந்த மகத்தான மௌனத்தில், சேறு சொட்டச் சொட்ட நின்ற செம்மல், மார்பை நிமிர்த்தி, மீசையை நீவி, போனை மேசைமேல் வைத்து, திருவாய் மலர்ந்தான்.

“பன்னெண்டு பத்துக்கே கரண்ட் போயிடுச்சாம்” என்றார் மணவாளன் சார்.