தனி ஆவர்த்தனத்தில் ஒரு பொன்னாடை

கச்சேரி எப்போது முடிகிறது என்று தெரியாதவன் பொன்னாடையைக் கையில் எடுக்கக் கூடாது. பிறர் பேச்சை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதையே தொழிலாகக் கொண்டு, நீதிபதியாக ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்தச் சிறு உண்மை எனக்கு எட்டாமல் போனதில் வியப்பில்லை.

என் மகள் மாலினி ஜொகூர் பாருவில் ஒரு ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோன் வாசிக்கிறாள். பழைய ஜாஸ் மேதைகளின் ஆக்கங்களை மட்டுமே வாசிக்கும் ஐவர் குழு. சென்ற ஆண்டு தெப்ராவில் ஒரு சிறிய அரங்கில் அவர்களுடைய நிகழ்ச்சி. என் மனைவி புவனம் காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஜாஸ் அவளுடைய பைத்தியம். லாபிஸ் ஊருக்குக் காரில் போகும் வழியெல்லாம் மெதுவான பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போடுவாள். "மழைக்கு ஒதுங்கிய எக்காளம்" என்று அதற்கு நான் பெயர் சூட்டியிருந்தேன்.

"கடைசியா அம்மாவின்ர பாட்டு, அப்பா. அம்மாவுக்காக நான் வாசிக்கப் போறன். நீங்கள் இருக்கவேணும்," என்றாள் மாலினி.

இருப்பதாக வாக்களித்தேன். வெறுங்கையோடு எப்படி இருப்பது? ஐவருக்கும் சரிகைப் பொன்னாடை வாங்கினேன். (பொன்னாடை போர்த்தாத நிகழ்ச்சி, நம்மவர் வழக்கப்படி, நடந்ததாகவே கருதப்படாது.) முடிவில்தான் போர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு மகள் சம்மதித்தாள். பட்டு வேட்டியும் ஜிப்பாவுமாக முன்வரிசையில் அமர்ந்தேன். பக்கத்து நாற்காலியில் பொன்னாடைகள். அது புவனத்தின் இடம். பொது இடங்களில் நான் அசட்டுத்தனமாக எழ முற்படும்போதெல்லாம், "கொஞ்சம் இருங்கோ" என்று ஜிப்பாவின் நுனியைப் பிடித்து இழுப்பாள். என் கௌரவம் அத்தனை காலமும் அந்த இழுப்பில்தான் நின்றது.

ஒவ்வொருவர் தனியே வாசித்ததும் பாட்டின் நடுவிலேயே கூட்டம் கைதட்டியது. ஒழுங்கீனம் என்று திரும்பி முறைத்தேன். பிறகு டிரம்ஸ் கலைஞர் அஸ்ரி தனியே வாசிக்கத் தொடங்க, மற்றவர்கள் வாத்தியங்களைத் தாழ்த்தினார்கள். எனக்கு உயிர் வந்தது. இது தனி ஆவர்த்தனம் அல்லவா? நம் சபைகளில் தனி முடிந்ததும் பிரமுகர் மேடையேறி மரியாதை செய்வார். அஸ்ரி ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுக் குச்சிகளை உயர்த்தியபடி நிறுத்தினார்.

பொன்னாடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். ஜிப்பாவை யாரும் இழுக்கவில்லை.

பட்டு வேட்டியில் ஒரு முதியவர் நெருங்குவதைக் கண்டு திகைத்த அஸ்ரி, அந்த நிறுத்தத்தைச் சற்று நீட்டித்தார். அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு பின்புறமாகச் சென்று, தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டேன். அதே கணத்தில் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சரிகை குச்சியில் சிக்கியது. குச்சி வெண்கலத் தட்டில் சிக்கியது. தட்டு என்மேல் சாய்ந்தது. அதை மார்போடு அணைத்தபடி சபைக்குக் கும்பிட முயன்றேன். பொன்னாடைக்குள்ளிருந்து, மிகுந்த மரியாதையோடு, மலாயில் ஒரு குரல் வந்தது:

"அங்கிள், பெலும் ஹாபிஸ் லா."

இன்னும் முடியவில்லையாம்.

இறங்கும் படி எந்தப் பக்கம் என்று தேடினேன். யாரோ மேடையிலேயே ஒரு நாற்காலியை நகர்த்தித் தந்தார்கள். மிச்சப் பொன்னாடைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். மாலினி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து (சிரித்துக்கொண்டே சாக்ஸஃபோன் ஊத முடியாது) புவனத்தின் பாட்டைத் தொடங்கினாள். அஸ்ரி பொன்னாடையைக் கழற்றாமலே மெல்லத் துணை வாசித்தார். எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மகள். மழைக்கு ஒதுங்கிய எக்காளம் என்ற என் தீர்ப்பை அன்று நானே ரத்து செய்தேன். மேல்முறையீடு செய்திருக்க வேண்டியவள்தான் இல்லை.

வெளியே வரும்போது ஒரு சீன அம்மையார், குழுவில் நான் வாசிப்பது எது என்று விசாரித்தார். மடியிலிருந்து கைக்கு மாறியிருந்த பொன்னாடைகளைக் காட்டினேன்.

கடைசிப் பாட்டிலிருந்து தப்பவே நான் அவசரப்பட்டேன் என்பது மாலினியின் வாதம். மறுக்க என்னிடம் சாட்சி இல்லை. அஸ்ரி அந்தப் பொன்னாடையை இப்போது தன் இருக்கையில் விரித்துக்கொள்கிறாராம். எனக்கோ, சாப்பாட்டின் பாதியில் எழுந்து அறைக்குப் போய்விடும் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. அப்படி எழும்போதெல்லாம் சட்டை நுனி இழுபடுகிறது.

"பெலும் ஹாபிஸ், அப்பா."

உட்கார்ந்துவிடுகிறேன்.