பென்னாகரம் பேருந்திலிருந்து தொலேடோவுக்கு வழி சொன்ன கதை

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. தங்கையிடம் இரவல் வாங்கிய குக்கரை இண்டூரில் அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தருமபுரியிலிருந்து இண்டூர் அரை மணி நேரப் பயணம். முப்பத்துநான்கு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவளுக்கு இதில் பிழை நேர வாய்ப்பே இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரித்துவிட்டு அமைதியாகக் கலைந்து செல்லவும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. யார் போட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்றரை மணிக்குப் பென்னாகரம் பேருந்தில் ஏறினேன். சன்னலோர இருக்கை. மடியில் குக்கர். பக்கத்தில், சந்தையில் தக்காளி விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்பும் ஓர் அம்மாள்.

நான்கு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. என் மகள் கயல்விழி. ஸ்பெயினில் முதுகலை படிக்கிறாள்; போய் மூன்று மாதம் ஆகிறது. அன்று கல்லூரியில் எல்லோரையும் ஒரு பேருந்தில் ஏற்றி, தொலேடோ என்னும் பழைய கோட்டை நகரத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போயிருந்தார்கள்.

"அம்மா, உனக்குப் பெரிய சர்ச் ஒண்ணு காட்டலாம்னு கூப்பிட்டேன். இப்ப அந்த சர்ச்சையே காணோம்."

"சர்ச் எங்கே போகும்? நீ எங்கே இருக்கே?"

"அதான்மா தெரியல."

நடந்தது இதுதான். அவளும் மக்தா என்ற போலந்து நாட்டுத் தோழியும் ஐஸ்கிரீம் வாங்க நின்றிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் கூட்டம் இல்லை. நான்கு பக்கமும் சந்துகள். நான்கும் ஒரே மாதிரி.

"பஸ் ஒண்ணேகால் மணிக்குக் கிளம்பிடும்மா. யாருக்காகவும் நிக்காதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த ஊர்ல ரெண்டு நாள் தங்கறோம். என் பை, பாஸ்போர்ட் எல்லாம் பஸ்லதான் இருக்கு. எங்களக் கூட்டிட்டு வந்த சார் நம்பர் மக்தா போன்லதான் இருக்கு, அதுவும் பஸ்ல. என் போன்ல சார்ஜ் பதினஞ்சு பர்சன்ட்தான்."

"மேப் பார்த்தியா?"

"பார்த்தேன். சந்துக்குள்ள அந்த நீலப் புள்ளி குதிச்சுக்கிட்டே இருக்கும்மா. ஒரு தடவ மாடியில நிக்கிற மாதிரி காட்டுது, ஒரு தடவ ஆத்துல நிக்கிற மாதிரி காட்டுது. யார்கிட்டயாவது வழி கேக்கட்டுமா?"

இங்கே நான் "கேள்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

"புவியியல் ஆசிரியையோட மகள் நடுத்தெருவில நின்னு வழி கேக்கறதா? மேப்பை அணை. சார்ஜ் மிச்சமாகும். நான் சொல்றேன்."

பேருந்துச் சத்தத்தில் அவள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை அழுத்தினேன். அந்த நொடியிலிருந்து கயல்விழி என் மகள் மட்டும் அல்ல, பேருந்தில் இருந்த எல்லோருக்கும் மகள்.

"பஸ் எந்தத் திசையில நிக்குது?"

"ஊருக்குக் கிழக்கே, பாலத்துக்கிட்டன்னு சொன்னாங்க."

"கிழக்கு. அவ்வளவுதானே! அங்கே வெயில் அடிக்குதா?"

"அடிக்குது."

"நிழல் விழுதா?"

"விழுது."

"சூரியன் இப்ப மேற்கே இருக்கு. நிழல் கிழக்கே விழும். நிழல் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கமே நட."

சொல்லி முடித்து, வகுப்பறையைப் பார்ப்பதுபோல் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். முன்னிருக்கைக்காரர்கள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நடத்துநர் பயணச்சீட்டு கிழிப்பதை நிறுத்தியிருந்தார்.

"படிச்சவங்க படிச்சவங்கதாங்க," என்றார் கூடைக்கார அம்மாள். பிறகு என் கைப்பேசிக்கு நேராகக் குனிந்து, "பாப்பா, நெழலயே புடிச்சுக்கிட்டுப் போ கண்ணு! பயப்படாத!" என்றார்.

"யாரும்மா அது?" என்றாள் கயல்விழி.

"நீ நட."

நடந்தாள். மேப்பை நம்பாத நான் அவளிடம் வர்ணனை கேட்டுக்கொண்டே வந்தேன்.

"படி வருதும்மா, மேல ஏறுது."

"ஏறு."

"வாள் விக்கிற கடை வருது. கடை பூரா வாளு!"

நடத்துநர் குறுக்கிட்டார். "அதெல்லாம் வாங்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர். ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சுக்குவாங்க."

"யாரும்மா அது?"

"கண்டக்டர். நீ நட."

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. திடீரென்று நடத்துநர் தலையில் கை வைத்தார்.

"டீச்சர், நீங்க இண்டூருன்னுதானங்க சொன்னீங்க?"

"ஆமாம். வரட்டும், இறங்கிக்கிறேன். இண்டூர் எங்கேயும் ஓடிப்போகாது."

"இண்டூரு ஓடலீங்க. நாமதான் ஓடி வந்துட்டோம். அது போயி பத்து நிமிசம் ஆச்சு."

கூடைக்கார அம்மாள் எழுந்தார். "அட சாமி, நானும் இண்டூருதான்!" என்று வாசலைப் பார்த்தார், என் கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "சரி வுடுங்க. மொதல்ல பாப்பா போய்ச் சேரட்டும். எங்கூட்டுக்கு நான் பொறவு போறேன்."

உரிய இடத்தில் இறங்கத் தெரியாத ஒருத்தி, கடல்கடந்த ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அப்போது கயல்விழியின் குரல் மாறியது.

"அம்மா, ஊரே முடிஞ்சிடுச்சு. கோட்டைச் சுவர்கிட்ட நிக்கறோம். பாலமும் இல்ல, பஸ்ஸும் இல்ல. மக்தா ஒண்ணு கேக்கறா. உங்க அம்மா எதுக்கு சூரியன் மேற்கே இருக்குன்னு சொல்றாங்கன்னு."

"சாயங்காலம்தானே?"

"அங்க மணி என்னம்மா?"

"நாலு இருபது."

"இங்க பன்னிரண்டு அம்பது."

சன்னல் வழியே சூரியனைப் பார்த்தேன்.

"ஏம்மா... நீ அங்க இருக்கிற சூரியனைப் பார்த்தா எனக்கு வழி சொன்னே?"

அன்பு மாணவர்களே! ஒரு தீர்க்கக் கோட்டுக்கு நான்கு நிமிடம். கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, மறுநாள் ஒவ்வொருவராய் எழுப்பிக் கேட்டவள் நான். எனக்கு மேற்கில் இருந்த சூரியன் அவளுக்கு இன்னும் கிழக்குப் பக்கத்தையே விட்டு வரவில்லை. அவள் நிழல் விழுந்தது மேற்குப் பக்கம். போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிரே, படியெல்லாம் ஏற்றி, பத்திரமாக அனுப்பி வைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக நான் பெஞ்சின் மேல் ஏற்றிய அனைவரும் இப்போது இறங்கி உட்காரலாம்.

"என்னாங்க ஆச்சு டீச்சர்?" என்றார் கூடைக்கார அம்மாள்.

"அங்கே நேரம் வேற. இன்னும் ஒரு மணிகூட ஆகலை."

"அப்ப அங்க இன்னும் மத்தியானச் சோறே துன்னிருக்க மாட்டாங்களே! நீங்க பொழுது சாயுதுன்னு சொல்லி வுட்டுட்டீங்களா?"

"ஆமாம்."

"ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?"

முப்பத்துநான்கு ஆண்டுகளில் எந்த ஆய்வு அதிகாரியும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. குக்கர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"திரும்பி அவ்ளோ தூரமும் போகணும்னா நேரம் பத்தாதும்மா," என்றாள் கயல்விழி. "சார்ஜ் ஆறு பர்சன்ட். பாஸ்போர்ட் அந்தப் பையிலதான்மா இருக்கு." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

எட்டுத் திசையும் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

"டீச்சர், அந்தப் போனக் கொஞ்சம் இப்பிடிக் குடுங்க."

கடைசி இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கைலி, தோளில் துண்டு. பெயர் முனியப்பன். தொப்பூர் கணவாயில் இருபது ஆண்டுகளாக லாரியை ஏற்றி இறக்கியவர். விடுப்பில் பென்னாகரத்துக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கைப்பேசியை வாங்கி வாயருகே வைத்தார்.

"பாப்பா, நான் லாரி டிரைவர் பேசறேன். அழுவக் கூடாது. உங்க பஸ்ஸு எத்தன சீட்டு?"

"அம்பது இருக்கும்ங்ணா."

"பஸ்ஸ வுட்டு எறங்கினதும் மேல ஏறி வந்தீங்களா, கீழ எறங்கி வந்தீங்களா?"

"ஏறித்தான் வந்தோம். மூச்சு வாங்கிடுச்சு."

"அப்ப வண்டி ஊருக்குள்ள இல்ல. அவ்ளோ நீள வண்டிய எந்த டிரைவரும் சந்துல வுட மாட்டான். கீழ சுத்தி ஒரு பெரிய ரோடு இருக்கணும். நீ நிக்கற எடத்துலருந்து தெரியுதா?"

"தெரியுதுங்ணா. பெரிய கோட்டை வாசல் ஒண்ணு இருக்கு. காலைல மாட்ரிட்லருந்து வரும்போது அது பக்கமாத்தான் வந்தோம்."

"அடுத்த ஊருக்கு எந்த ரோடு?"

"அதே மாட்ரிட் ரோடுதான்னு சார் சொன்னாரு."

"அவ்ளோதான் கதை. வந்த ரோட்டுலதான வண்டி திரும்பும்? எறக்கத்துல எறங்கி அந்த வாசல்கிட்ட போயி நில்லு. நீ பஸ்ஸத் தேடாத. பஸ்ஸு உங்கிட்ட வரும்."

கிழக்கு இல்லை, மேற்கு இல்லை, தீர்க்கக் கோடு இல்லை. ஏற்றம், இறக்கம். இரண்டே சொல்.

இருவரும் ஓடினார்கள். அவர்கள் செருப்புச் சத்தம் பென்னாகரம் பேருந்து முழுவதும் கேட்டது. யாரும் இருமக்கூட இல்லை. என் கடிகாரத்தில் நாலே முக்கால். அவளுக்கு ஒண்ணேகால்.

"வந்துட்டோம்மா. ரோட்டோரமா நிக்கறோம். ரெண்டு பர்சன்ட்."

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"வருது! வெள்ளை பஸ்! எங்க பஸ்தான்! ஆனா இங்க ஸ்டாப் இல்லம்மா, இந்த ஊர்ல கண்ட எடத்துல நிறுத்த மாட்டாங்க..."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பேருந்து நிற்க நிறுத்தம் எதற்கு? ஒரு கை போதும்.

"கையக் காட்டு பாப்பா!" என்று கத்தினார் முனியப்பன்.

"ரெண்டு கையும் காட்டு! ஓடிப்போய்க் காட்டு!" கூடைக்கார அம்மாள் எழுந்து நின்று, என் கைப்பேசியைப் பார்த்துத் தம் இரண்டு கைகளையும் ஆட்டினார். முன்னால் இருந்தவர்களும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். மறைக்க ஒன்றுமில்லை.

நடத்துநருக்கு என்ன தோன்றியதோ, குனிந்து, கைப்பேசிக்குள்ளேயே விசிலை ஊதினார்.

எங்கள் பேருந்து நின்றது.

சும்மா நிற்கவில்லை. கிறீச்சென்று நின்றது. குக்கர் மடியிலிருந்து குதித்து, உருண்டு, ஓட்டுநரின் பின்னால் போய் முட்டியது. கைப்பேசியில் அழைப்பு அறுந்துபோயிற்று.

ஓட்டுநர் திரும்பினார். "யாருய்யா எறங்கறது?"

யாரும் இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள்தான்.

"அப்பறம் எதுக்கு விசிலு?"

"அண்ணா, ஸ்பெயின்ல ஒரு பாப்பா ஏறணும்," என்றார் நடத்துநர்.

ஓட்டுநர் அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு இஞ்சினை அணைத்தார். "ஏறிடுச்சான்னு கேட்டுச் சொல்லு."

கேட்க வழியில்லை. என் கைப்பேசி நன்றாகத்தான் இருந்தது, செத்தது கயல்விழியுடையது. திரும்பத் திரும்ப அழைத்தேன். பின்னால் ஒரு டிராக்டர் ஒலியெழுப்பி, திட்டி, சுற்றிக்கொண்டு போனது. பேருந்துக்குள் ஒருவர்கூட "நேரமாச்சு" என்று சொல்லவில்லை.

"அந்த டிரைவருக்கும் பொட்டப்புள்ள இருக்கும். நிறுத்துவான்," என்றார் கூடைக்கார அம்மாள். இதை மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை அவருக்கே நம்பிக்கை குறைந்திருந்தது.

ஏழு நிமிடம் கழித்து, அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "ஏறிட்டோம்மா. சார் போன். பை இருக்கு. பாஸ்போர்ட் இருக்கு."

உரக்கப் படித்தேன். பேருந்து கைதட்டியது. நடத்துநர் இரட்டை விசில் ஊதினார். முனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது, "எதுக்கும் என் நம்பர வெச்சுக்கங்க டீச்சர்" என்று சொல்லி எண்ணைத் தந்தார்.

நானும் கூடைக்கார அம்மாளும் பென்னாகரம் வரை போய், அடுத்த பேருந்தில் இண்டூருக்குத் திரும்பினோம். இண்டூர் வருகிறதா என்று வழிநெடுக அவரே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கச் சொல்லவில்லை.

மறுநாள் கயல்விழி அழைத்தாள். மக்தா நடுரோட்டில் போய் நின்றதால்தான் அந்த ஓட்டுநர் நிறுத்தினாராம். ஸ்பானிஷ் மொழியில் ஐந்து நிமிடம் திட்டினாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "அடுத்த வாரம் இன்னொரு மலை ஊருக்குப் போறோம்மா. மக்தா உன்கிட்ட ஒரு உதவி கேட்டா," என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நேரக் கணக்கைப் பொறுமையாக, முதலிலிருந்து விளக்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அந்த லாரி அண்ணன் நம்பர் கிடைக்குமான்னு கேட்டா."

அனுப்பிவிட்டேன். இது என் இரண்டாவது பணி ஓய்வு. இதற்குப் பிரிவுபசார விழா வைக்கவில்லை.