குனியும் முத்திரை

பிப்ரவரி மாதம் காகித ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிளம் மரங்கள் மொட்டுவிட்டிருக்கும் இவ்வேளையில் தங்கள் நிறுவனம் மேன்மேலும் செழித்து வருவதறிந்து பெருமகிழ்ச்சி அடைகிறோம் என்று தொடங்கி, இனிமேல் மூன்று துளைத் தாள் செய்வதில்லை என்று முடிந்தது. நடுவில் நான்கு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

டோக்கியோவில், சுகினாமி வட்டாரத்து ரயில் பாதையை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்த மினாசே அசைபட நிறுவனத்துக்கு அந்தத் தாள்தான் சோறு. தாளின் ஓரத்து மூன்று துளைகளை மேசையிலுள்ள மூன்று முளைகளில் மாட்டினால் நூறு தாளானாலும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். விரலிடுக்கில் வைத்துப் புரட்டினால் குதிரை ஓடும், மழை பெய்யும்.

அங்கே, ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரையப்படும் இடைப்படங்களைச் சரிபார்ப்பவர் முரோய். வயது ஐம்பத்து நான்கு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கோடு ஒரு முடியளவு துள்ளினாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். முப்பத்தொரு வருடமாக அவர் செய்துவருவது துள்ளலைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும்தான். வேறு எதிலாவது தனக்குக் கண் இருக்கிறதா என்று அவர் அவ்வப்போது தன்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

கிடங்கில் பதினான்கு பெட்டித் தாள் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜூன் மாத மழைக்காலம் வரை தாங்கும். அதற்குள் எல்லோரும் கணினித் திரையில் கையால் வரையப் பழகியாக வேண்டும்.

அவருக்கு அவசரம் இன்னொன்றும் இருந்தது. நிறுவனத்திலேயே நல்ல கை குசுமி சிஹிரோவுடையது. ஃபுகுவோக்காவிலிருந்து ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அங்கே எல்லாம் திரையில்தான். ஒரே ஒரு காட்சிக்காக அவள் இங்கே தங்கியிருந்தாள்: ஆற்றிலிருந்து கரையேறும் நாய் உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறுகிறது. தொண்ணூற்றாறு படம். அதைத் திரையில், தண்ணீர்த்துளி ஒவ்வொன்றாக வரைய வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்து வீட்டு நாயைக் குளிப்பாட்டும்போதெல்லாம் போய் நின்று பார்த்தாள். மழைக்காலத்துக்குள் திரையும் மென்பொருளும் வந்துவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முரோய் வாக்குக் கொடுத்திருந்தார்.

"வரலேன்னா நாயையும் கூட்டிக்கிட்டு ரயிலேறிடுவேன், முரோய் சான்," என்றாள் குசுமி. "அப்புறம் உங்களுக்கு ஆறு மட்டும்தான் மிஞ்சும்."

சந்தையில் இருந்த மூன்று மென்பொருள்களையும் அவள் ஒரே வார இறுதியில் வீட்டில் வைத்து வரைந்து பார்த்தாள். திங்கட்கிழமை வந்து இரண்டாவதுதான் என்றாள். கை போகிற இடத்துக்குக் கோடு வருகிறது, வேறென்ன வேண்டும் என்பது அவள் கட்சி. முரோய் அதை ஒரே தாளில் ஒப்புதல் கோரிக்கையாக எழுதினார். 'தேர்வுக்கான காரணம்' என்ற இடத்தில், 'வரைய நன்றாக இருக்கிறது' என்று எழுதினார். அவர் செய்த பிழை அதுதான்.

அந்தத் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் முத்திரையை வைக்க எட்டுக் கட்டங்கள். வலக்கோடியில் முரோயுடையது. அங்கிருந்து பதவி ஏற ஏற இடப்பக்கம் நகர்ந்து, இடக்கோடியில் நிறுவனத் தலைவருடையது. முத்திரையை நேராக வைப்பது அந்தக் கட்டடத்தில் வழக்கமில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் கீழே இருப்பவரின் முத்திரை மேலே இருப்பவரின் முத்திரைக்குக் குனிந்து வணங்குவது போலத் தெரியும். அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட விதிகளைத்தான் அங்கே யாரும் மதிப்பதில்லை.

பத்து நாளில் தாள் திரும்பி வந்தது. யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. ஆக்கபூர்வமாகப் பரிசீலிக்கப்படும் என்று ஒரு சீட்டும், 'நன்றாக' என்பதற்கு ஆதாரம் இணைக்கவும் என்று இன்னொரு சீட்டும் ஒட்டியிருந்தன.

ஆதாரம் திரட்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் முழுப்பெயர், 'கையால் வரையும் கணினி அசைபட மென்பொருள் தேர்வுக்கான முன்னேற்பாட்டுக் குழு'. பொது நிர்வாகப் பிரிவுத் தலைவர் எபிசாவா அதற்குத் தலைமை ஏற்றார். வரைகிற யாரும் குழுவில் இல்லை. வரைகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் சொந்த விருப்பம் இருக்கிறது, எனவே நடுநிலை இருக்காது என்று விளக்கப்பட்டது. முரோய்க்குப் பார்வையாளர் தகுதியில் கதவோரம் ஒரு நாற்காலி கிடைத்தது.

அதே சமயம் நிறுவனத் தலைவர் ஏதோ காலை உணவுக் கூட்டத்துக்குப் போய், காகிதமில்லா அலுவலகம் என்ற சொல்லோடு திரும்பி வந்திருந்தார். எல்லோர் சட்டையிலும் பச்சை வில்லை ஏறியது. முதல் கட்டமாக அலுவலகத்துக்கு வெள்ளைத்தாள் வாங்குவது நிறுத்தப்பட்டது. இதனால் அந்தக் கட்டடத்தில் எஞ்சிய ஒரே காகிதம் மூன்று துளைத் தாள்தான். குழுவின் கூட்டக் குறிப்புகளும் சுற்றறிக்கைகளும் ஒப்பீட்டு அட்டவணைகளும் அதில் அச்சாயின. 'காகிதத்தை ஒழிப்போம்' என்ற சுவரொட்டியும் அதில்தான் அச்சானது. தாள் கொஞ்சம் தடிமன், சுவரில் சுருளாமல் நின்றது.

ஏப்ரலில் செர்ரிப் பூ உதிர்ந்தபோது கிடங்கில் ஏழு பெட்டி இருந்தது. முரோய் எபிசாவாவிடம் போய்ப் பணிவாகச் சுட்டிக்காட்டினார்.

"முரோய் சான், இதெல்லாம் யாருக்காக?" என்றார் எபிசாவா. அவர் கெட்டவர் அல்ல. பேசும்போதே முரோய்க்கு ஒரு டப்பாக் காப்பியை எடுத்து நீட்டினார். "காகிதம் வேண்டாம்னு ஆக்கத்தானே இவ்வளவு காகிதம் செலவு பண்றோம். நடுவுல நிறுத்தினா இதுவரை போனது வீண்."

மறுத்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று முரோய் யோசித்தார். ஏதோ இருந்தது. காப்பி குடித்து முடிப்பதற்குள் அகப்படவில்லை.

அட்டவணையில் அறுபத்து நான்கு வரிகள். புத்தாண்டு வாழ்த்து அட்டை செய்ய வருமா? கையேட்டின் எழுத்து பெரிதா? விற்பனையாளர் விழாக்காலத்தில் நேரில் வருவாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி: வட்டம் என்றால் சரி, முக்கோணம் என்றால் சுமார், பெருக்கல் என்றால் இல்லை. நாற்பத்தோராவது வரி, 'வரைதல்'. மூன்று மென்பொருளுக்கும் அதில் வட்டம் விழுந்தது. பதினேழாவது கூட்டத்தில் எபிசாவா அதைச் சுட்டிக்காட்டினார்.

"மூணுலயும் வரைய முடியுது. வித்தியாசமே இல்லாத வரியை வச்சிருந்தா படிக்கிறவங்களுக்குக் குழப்பம். எடுத்துடலாம்."

எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவதுபோல, அதே எட்டு முத்திரைக் கட்டங்களோடு அன்றைய சுற்றறிக்கை கதவோரம் வந்தபோது முரோயின் கை சற்று நின்றது. முத்திரையை எடுத்தார், வைத்தார். எப்போதையும்விடக் கொஞ்சம் நேராக விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்று மாலை ரயிலில் நிற்கும்போது அவருக்கு ஏனோ முதுகு லேசாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் பழைய சாய்வுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தார். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

மே மாத விடுமுறைக்குப் பிறகு, வேலையைச் சரிபார்த்ததற்கு மென்பொருளுக்குள்ளேயே முத்திரை வைக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. மூன்றிலும் முடிந்தது. சாய்த்து வைக்க முடியுமா? மூன்றிலும் நேராகத்தான் விழுந்தது. தலைவரின் முத்திரைக்கு எதிரே எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்பதை ஒவ்வொருவரும் மனக்கண்ணில் பார்த்தார்கள்.

அப்போதுதான் நான்காவது மென்பொருள் வந்து சேர்ந்தது. அது வரைவதற்கானது அல்ல. அலுவலகக் கோப்புகளுக்கு ஒப்புதல் முத்திரை வைப்பதற்கானது. முத்திரையை எத்தனை பாகை வேண்டுமானாலும் சாய்க்கலாம். பதவியைக் குறிப்பிட்டால் தானே சாய்ந்துகொள்ளும். அட்டவணையில் எல்லா வரியிலும் வட்டம் வாங்கியது.

முரோய் கதவோரத்திலிருந்து கை தூக்கி, அதில் வரைய முடியாதே என்றார்.

"குறிப்பெழுத ஒரு பேனா இருக்கு," என்றார் எபிசாவா. "கோடு வருது."

"படம் அசையணுமே, எபிசாவா சான்?"

"பக்கத்தை வேகமாத் தள்ளிப் பாத்தேன். அசையுது. அதோட, வரைதல்ங்கிற வரியே இப்ப அட்டவணையில இல்லையே, முரோய் சான்."

ஜூன் முதல் வாரம், இறுதி முடிவை அச்சிடத் தாள் இல்லை. கிடங்கு காலி. இதில் முத்திரை விழாவிட்டால் எந்த மென்பொருளும் வராது, அடுத்த ஆண்டுக்குப் போய்விடும் என்றார் எபிசாவா, உண்மையான வருத்தத்தோடு. எதுவும் வராததைவிட ஏதோ ஒன்று வருவது மேல் என்று முரோய் தனக்குச் சொல்லிக்கொண்டார். நாய்க்கென்று எண்ணி வைத்த நூறு தாள் குசுமியின் இழுப்பறையில் இருந்தது. திரை வராமல் போனால் அதில்தான் வரைவதாக இருந்தாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் முரோயே அதை எடுத்துக்கொண்டு மாடியேறினார். ஒரு மணி நேரத்தில் ஒரு தாள் திரும்பி வந்தது. 'மீதம். ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

மழை தொடங்கிய அன்று திரை வந்தது. குசுமி உட்கார்ந்து, நாயின் முதுகுக்கு ஒரு கோடு போட்டாள். கட்டை விரல் தடிமனில், சிவப்பாக விழுந்தது. சேமிக்கப் போனாள். திரையில் எட்டுக் கட்டங்கள் ஒப்புதலுக்காக ஒளிர்ந்தன.

அவள் கோபப்படவில்லை. திரையை அணைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். அந்த ஒரு தாளையும் சீட்டையும் பார்த்தாள். முரோய் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"கூட்டத்து சுற்றறிக்கை எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? கொண்டாங்க."

இருபத்து நான்கு கூட்டம், இருபத்து நான்கு தாள். எல்லாவற்றிலும் எட்டுக் கட்டங்கள் ஒரே இடத்தில். எல்லாம் மூன்று துளைத் தாள். குசுமி அவற்றை வரிசையாக முளைகளில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தன.

"விநாடிக்கு இருபத்து நாலு படம். இதுவும் இருபத்து நாலு. சரியா ஒரு விநாடி," என்றாள். "இந்த வருஷம் நம்ம நிறுவனம் எடுத்த படம் இதுதான். சரிபார்க்கிறவர் நீங்கதானே, பாருங்க."

புரட்டினாள். சிவப்பு முத்திரைகள் காற்றில் புல் மாதிரி இடப்பக்கம் சாய்ந்தன. எபிசாவா தனக்கு மேலிருந்தவருக்குக் குனிந்தார், அவர் அவருக்கு மேலிருந்தவருக்கு. இடக்கோடியில் தலைவர்கூட ஒன்றுமில்லாத வெள்ளை ஓரத்தைப் பார்த்துக் குனிந்தார். வலக்கோடியில் முரோயின் முத்திரை எல்லோரையும்விட ஆழமாக, வழுவழுவென்று குனிந்துகொண்டே போய்க் கடைசித் தாளில் ஏறக்குறையப் படுத்துவிட்டது. உயிருள்ள ஒன்றின் அசைவு அது.

முரோய் அவள் கையிலிருந்து வாங்கி ஒரு தடவை புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். அவர் புருவம் சுருங்கியது.

"பதினேழு துள்ளுது," என்றார்.

"ஆமா," என்றாள் குசுமி. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஒண்ணுல மட்டும் நிமிந்திருக்கீங்க. அப்படியே விட்டுடலாமா?"

முரோய் கீழ்த்தாள் தெரிவதற்காக மேசைக் கண்ணாடிக்கு அடியில் விளக்கைப் போட்டார். மீதமிருந்த அந்த ஒரு தாளைத் திருத்தத் தாளாகப் பதினேழின் மேல் மாட்டினார். கீழே தெரிந்த மற்ற ஏழு முத்திரைகளையும் சிவப்புப் பென்சிலால் அப்படியே நகலெடுத்தார். பதினாறையும் பதினெட்டையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டுக்கும் சரி நடுவான சாய்வைக் கண்ணாலேயே அளந்துகொண்டார். முத்திரையை மையில் தொட்டு, நிதானமாக வைத்தார்.

குசுமி பழைய பதினேழை உருவிவிட்டு மறுபடி புரட்டினாள். பென்சில்களைப் பைக்குள் போட்டு, மழைக்கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப துள்ளல," என்றாள்.