விரத காலத்தில் பழுதான பிரிட்ஜ்

காலை ஆறே முக்கால் மணி. ஐந்து கிலோ விளைமீன். கொண்டுவந்து வாசல் படலையில் தந்தவர் வல்வெட்டித்துறை ஜெயசீலன்.

அன்றைய வேலை அவ்வளவுதான். மீனை வாங்குவது, பிரிட்ஜில் வைப்பது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமைத்து விருந்தாளிகளுக்குப் போடுவது.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய மீனை வெள்ளிக்கிழமை ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிச் சனம் விரதம். அதனால் மீன் மலிவு. வெள்ளிக்கிழமையில் விரதம் இல்லாதவர்களும் மீனைத் தொடமாட்டார்கள். அதனால் இன்னும் மலிவு. நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். எங்களுக்கு வெள்ளியும் வியாழனைப் போல ஒரு நாள்தான். இந்தக் கணக்கைப் போட்டு இரண்டாயிரம் ரூபா மிச்சம் பிடித்தவன் நான். அதை என் மனைவி ரஞ்சினியிடம் இரண்டு தரம் சொல்லியும் இருந்தேன்.

விருந்து, மகள் ஷாமினியின் கலியாணப் பேச்சுக்காக. பெடியனின் தாயும் தகப்பனும் உடுவிலில் இருந்து ஞாயிறு ஆராதனை முடிய வருவதாக ஏற்பாடு. பெடியன் மெல்பேணில் இருந்தான். "ரெக்னிக்கல் பக்கம் வேலை" என்று போதகரின் மனைவி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. முப்பது வருடம் பத்திரிகை மேசையில் இருந்து, விசாரிக்காமல் எழுதாதே என்று நிருபர்களை ஏசிய ஆள் நான். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை என்று மனத்தில் ஒரு படத்தைக் கீறி வைத்துக்கொண்டேன்.

ஷாமினிக்கு அவனைப் பிடித்திருந்தது. இரண்டு மாதமாகப் போனில் கதைக்கிறார்கள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை கனக்கக் கதைக்காதேங்கோ."

சரியென்றேன்.

ரஞ்சினி மீனோடு குசினிக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! பிரிட்ஜுக்கை இருட்டாக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். லைற் இல்லை. சத்தம் இல்லை. அடியில் தண்ணீர் நின்றது. பிளக்கைக் கழற்றி மாட்டினேன். பக்கத்தில் தட்டினேன். இது இரண்டும்தான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

மீனைத் திருப்பிக் கொடுக்கப் படலைக்கு ஓடினேன். ஜெயசீலனின் மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏனப்பா ஓடுறியள்? பக்கத்து வீட்டிலை கேளுங்கோ," என்றாள் ரஞ்சினி.

பக்கத்து வீடு சிவகுரு அண்ணை. தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். திருவிழாக் காலம் முழுவதும் காலையும் மாலையும் கோயிலில்தான் நிற்பார். அப்போதும் ஈர வேட்டியோடு திருநீறு பூசிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, எங்கடை பிரிட்ஜ் நிண்டு போச்சு. உங்கடையிலை கொஞ்சம் சாமான் வைக்கலாமோ?"

"அதுக்கென்ன தம்பி, தாராளமா வையும். என்ன சாமான்?"

"மீன்."

சிவகுரு அண்ணை பூசிய திருநீற்றை ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"ஐஞ்சு கிலோ."

"தம்பி, வேறை மாசமெண்டால் ஆட்டையே கொண்டுவந்து வையும் எண்டு சொல்லுவன். இப்ப என்ரை பிரிட்ஜுக்கை பஞ்சாமிர்தம் கிடக்கு."

பஞ்சாமிர்தத்தோடு வழக்காட முடியாது. ஒழுங்கையின் மற்ற வீடுகளிலும் கேட்டேன். எல்லாரும் அன்பாக வரவேற்றார்கள். இரண்டு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். மீனுக்கு மட்டும் எங்கும் இடமில்லை. எங்கள் ஒழுங்கையில் நாங்கள் ஒரு வீடுதான் வேதக்காரர். அதுவரை அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

இனித் திருத்துகிறவரைப் பிடிக்க வேண்டும். முதலாவது ஆள் போனை எடுத்தார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. "ஐயா, சுவாமி வெளியிலை வருது" என்றுவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் திருவிழா முடிந்து கொடி இறங்கின பிறகு வருவதாகச் சொன்னார். அதற்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. மூன்றாவது ஆள் குகன். வருவதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

வெறுங்காலோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, தோளில் வேலை ஆயுதப் பையோடு வந்தார் குகன். முப்பது வயது இருக்கும்.

"நடந்தே வந்தனீர்?"

"ஓம் ஐயா. கோயிலடியிலை பாதை பூட்டியிருக்கு. மோட்டார் சைக்கிளை வாகனப் பார்க்கிலை விட்டிட்டு வாறன். அந்தப் பார்க் காசு தனி."

குசினிக்குள் போனார். பிரிட்ஜின் கதவைத் திறந்தார். அடுத்த கணம் மூடினார்.

"ஐயா, உள்ளுக்கு மீன் மச்சம் கிடக்கு."

"ஓம். அதுக்காகத்தான் உம்மைக் கூப்பிட்டது."

"நான் விரதம் ஐயா. அது வெளியிலை போனால்தான் நான் கை வைப்பன்."

"தம்பி, வெளியிலை வைச்சால் அது பழுதாப் போகும்."

"உள்ளுக்கு இருந்தாலும் பழுதாத்தான் போகும். பிரிட்ஜ் வேலை செய்யேல்லையே!"

"நீர் திருத்தினால் வேலை செய்யும்."

"மீனை எடுத்தால் திருத்துவன்."

மீன் போனால்தான் பிரிட்ஜ் திருந்தும். பிரிட்ஜ் திருந்தினால்தான் மீன் பிழைக்கும். நாட்டுப் பிரச்சினைகள் சிலவற்றுக்கு நான் ஆசிரியத் தலையங்கம் எழுதியிருக்கிறேன். இதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு தொண்டை செருமியது. சிவகுரு அண்ணை.

"தம்பி, நான் ஒண்டு சொல்லட்டோ? பிரிட்ஜிலை இடம் தரேலாது. ஐஸ் தரலாம். ஐஸ் சைவம்தானே!"

குகனைப் பார்த்தேன். குகன் யோசித்தார். "ஐஸ் சைவம்தான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

ஷாமினி குழந்தையாக இருந்தபோது குளிக்க வார்த்த பெரிய பிளாஸ்ரிக் பேசின் ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கி, மீனை வைத்து, மேலே ஐஸைக் கொட்டி, மாமரத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தோம். பூனைகளுக்கு யார் தகவல் கொடுத்ததோ தெரியாது. ஒழுங்கையே விரதம் இருந்ததால் அவையும் பல நாளாக விரதம். நான் கதிரையைப் போட்டுக் காவலுக்கு இருந்தேன். முப்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன், பத்திரிகையைச் சுருட்டிப் பூனை கலைத்தேன்.

குசினியில் ரஞ்சினி பிரிட்ஜை மஞ்சள் தண்ணீரால் கழுவிக் கொடுத்தாள். குகன் அதன் முதுகைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டார்.

"ஐயா, இதுக்கு எத்தினை வயசு?"

"பத்து இருக்கும்."

"அப்ப சரி."

திருத்துகிறவர்கள் 'அப்ப சரி' என்றால் நமக்குச் சரியில்லை.

"காஸ் முழுக்கப் போயிட்டுது."

"அடிக்கலாம்தானே?"

"அடிக்கலாம். ஆனா கொம்பிரஷரும் செத்துப் போச்சு. கொழும்பிலை சொன்னால் இரவு பஸ்ஸிலை போட்டுவிடுவினம். ரெண்டு விதம் கிடக்கு. ஒறிஜினல் ஒண்டு, மற்றது ஒண்டு."

"மற்றது எண்டால்?"

"மற்றது."

"அது எவ்வளவு காலம் நிக்கும்?"

"அது உங்கடை அதிர்ஷ்டம் ஐயா."

என்னுடைய அதிர்ஷ்டத்தின் அன்றைய நிலைமை பேசினுக்குள் கிடந்தது. ஒறிஜினலைச் சொன்னேன். குகன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினார். கொம்பிரஷர், காஸ், கூலி, பஸ்ஸில் வரும் பார்சலுக்கு, வந்து பார்த்ததற்கு, மோட்டார் சைக்கிள் பார்க்குக்கு. எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரம் ரூபா.

"தம்பி, உந்தக் காசுக்கு..."

"புதுசு ஒண்டரை லட்சம் ஐயா. வாங்குங்கோ, நான் தடுக்கேல்லை. வந்து பார்த்த காசை மட்டும் தாங்கோ."

மாமரத்தடியில் ஷாமினி குடை பிடித்துக்கொண்டு எனக்குப் பதிலாகக் காவல் நின்றாள். மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திருத்தச் சொன்னேன்.

அன்று மாலைக்குள் சிவகுரு அண்ணையின் ஐஸ் கரைந்து முடிந்தது. ஆனால் செய்தி ஒழுங்கை முழுக்கப் போயிருந்தது. ஷாமினியின் சம்பந்தப் பேச்சு மீனில் தொங்குகிறது என்பதையும் சேர்த்தே சிவகுரு அண்ணை சொல்லியிருக்கிறார். விரதம் இருந்த வீடுகள் எல்லாம் அகப்பட்ட ஏனத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துக் கொடுத்தன. தம்ளர் வடிவில் ஐஸ் வந்தது. சாப்பாட்டுப் பெட்டி வடிவில் வந்தது. ஒரு வீட்டில் இருந்து இட்டலி வடிவிலும் வந்தது. கொடுத்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்றுவிட்டுப் போனார்கள்.

மீன் தப்பியது.

சனிக்கிழமை பொழுதுபடக் குகன் வேலையை முடித்தார். பிரிட்ஜ் உறுமியது. லைற் எரிந்தது. நான் பேசினைத் தூக்கப் போனேன்.

"ஐயா, இண்டைக்கு இரவு ஒண்டும் வைக்காதேங்கோ. வெறுமனே ஓட விடுங்கோ. நாளைக்கு மத்தியானம் வையுங்கோ."

நாளைக்கு மத்தியானம் அந்த மீன் எங்கள் வயிற்றில் இருக்கும் என்று அவருக்குச் சொல்லவில்லை. காசை எண்ணிக் கொடுத்தேன். மீன் அந்த இரவும் இட்டலி ஐஸில்தான் கிடந்தது. நாற்பத்தோராயிரம் ரூபா கொடுத்துத் திருத்திய பிரிட்ஜுக்குள் அது கடைசிவரை போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெடியனின் தகப்பன் செல்வரட்ணமும் மனைவியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். குழம்பு, பொரியல், சொதி என்று எல்லாவற்றிலும் விளைமீன். "நல்ல பச்சை மீன், இண்டைக்குப் பிடிச்சது போலை" என்றார் செல்வரட்ணம்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"பச்சையா இருக்கிறதுக்கு நான் குடுத்த விலை உங்களுக்குத் தெரியாது," என்று தொடங்கினேன். பிரிட்ஜ் கதை முழுவதையும் சொன்னேன். மேசைக்குக் கீழ் ரஞ்சினியின் கால் என் காலைத் தேடியது. நான் காலை மடக்கிக்கொண்டேன்.

"பகல் கொள்ளை பாருங்கோ! வந்து பார்க்க ஒரு காசு. நடந்து வந்தால் அதுக்கும் காசு. ஒரு திருகாணியைக் கழற்றிப்போட்டு நாங்கள் தலையாலை நடந்தாலும் விடமாட்டாங்கள். உந்தப் பிரிட்ஜ் திருத்துறவங்களை..."

ஷாமினி சொதிச் சட்டியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் நான் நிமிர்ந்தேன். அவளுடைய முகம் சரியில்லை. செல்வரட்ணத்தின் மனைவி கையில் இருந்த முள்ளைப் பக்குவமாகச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தார்.

செல்வரட்ணம் தண்ணீர் குடித்தார்.

"எங்கடை மகனும் உந்தத் தொழில்தான் அண்ணை."

"எந்தத் தொழில்?"

"பிரிட்ஜ், ஏசி திருத்துறது. மெல்பேணிலை."

கண்ணாடிக் கட்டடம் கண்ணுக்கு முன்னால் இடிந்து விழுந்தது. ரஞ்சினியின் கால் என் காலைக் கண்டுபிடித்தது.

"இவர் சும்மா கதைக்கிறவர்," என்றாள்.

"இல்லை, அவர் சொல்லுறதிலை பிழையில்லை," என்றார் செல்வரட்ணம். "ஆனா அங்கத்தையோடை பார்க்கேக்கை இஞ்சை மலிவு. எங்கடை பெடியன் ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாலே நூற்றைம்பது டொலர்."

மனத்தில் ரூபாவுக்கு மாற்றினேன். முப்பதாயிரத்துக்குக் கிட்ட வந்தது.

"திருத்தினால்தானே?"

"இல்லை, தட்டினால்."

"பழுது ஒண்டும் இல்லாட்டி?"

"இல்லாட்டியும் தரத்தான் வேணும்."

"ஒரு நாளைக்கு எத்தினை வீடு போவார்?"

"வெயில் காலமெண்டால் ஆறு, ஏழு."

நான் பெருக்கினேன். இரண்டாவது தரமும் பெருக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் எனக்குத்தான். அன்றும் சட்டியில் எனக்கென்று எடுத்துவைத்த தலை இருந்தது. அதை எடுத்துச் செல்வரட்ணத்தின் கோப்பையில் வைத்தேன்.

"நல்ல தொழில்," என்றேன். "நான் சொன்னது இஞ்சத்தைப் பெடியளை."

செல்வரட்ணம் மீன் தலையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

"எங்கடை பெடியன் எல்லாம் முதலே சொல்லிப்போட்டான்," என்றார். "அப்பா கனக்கக் கதைப்பார், குறை நினைக்காதேங்கோ எண்டு உங்கடை பிள்ளை அவனிட்டைச் சொன்னவவாம்."

ஷாமினி குசினிக்குள் போய்விட்டாள்.

கலியாணம் ஜனவரியில் நடந்தது. சிவகுரு அண்ணையும் ஒழுங்கைக்காரரும் முன் வரிசையில் இருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் வீட்டில் நின்ற நாள்களில் ஒருநாள் பிரிட்ஜின் முதுகைக் கழற்றிப் பார்த்தார். "நல்ல வேலை செய்திருக்கிறார் மாமா, இன்னும் பத்து வருசம் ஓடும்," என்றார். காசு கேட்கவில்லை.

பெப்ரவரி நான்காம் திகதி அவரும் ஷாமினியும் மெல்பேணுக்குப் பயணமானார்கள். ஐந்தாம் திகதி காலை பிரிட்ஜ் நின்றது.